நாலு மணிக்கு எழுந்த மனிதர்

மலருக்கு ஒரு கட்டுரை கொடு என்று கேட்டபோது, பம்ப், பாய்லர் என்று நம்ம தொழில் சமாசாரம் ஏதாவது எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன். அப்புறம்தான் சந்திப்புக்கு வருகிறவர்கள் பட்டியல் கைக்கு வந்தது. அதில் ஒரு பெயர் இல்லை. விடுதியில் என் அறைக்கு இரண்டு அறை தள்ளி இருந்தவன். போன வருஷம் முப்பத்தாறு வயதில் மாரடைப்பில் போய்விட்டான். சிகரெட் தொட்டவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைத் தவறவிட்டவனும் இல்லை. ஆனால் காலையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் ராத்திரிதான் எழுந்திருப்பான். காரணம் அதுதான் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. அடக்கத்துக்குப் போய்விட்டு வந்த வாரமே நானும் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன் என்பது மட்டும் உண்மை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். நடந்தேன், பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் மழை பெய்தது. அதோடு சரி.

அந்தச் சமயத்தில்தான் ஜான் வெஸ்லியின் வாழ்க்கையைப் படிக்க நேர்ந்தது. பெயர் நமக்குப் புதிது இல்லை. சென்னை ராயப்பேட்டையில் வெஸ்லி பள்ளி இருக்கிறது, கொழும்பில் வெஸ்லி கல்லூரி இருக்கிறது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதில் சேர்ந்த சபைகளில் மெதடிஸ்ட் சபையும் ஒன்று. அந்த மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியவர் இவர். பெரிய பிரசங்கியார், ஊர் ஊராகக் குதிரையில் போனவர் என்ற அளவில் எனக்கும் தெரியும். தெரியாமல் இருந்தது, இந்த மனிதர் உடற்பயிற்சியை ஜெபத்துக்குப் பக்கத்தில் வைத்து, அறுபது எழுபது வருஷம் விடாமல் நடத்தினார் என்பது.

1703இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் எப்வொர்த் என்ற ஊரில் பிறந்தார். அப்பா சாமுவேல் அந்த ஊர்க் குருவானவர். அம்மா சூசன்னாவுக்குப் பத்தொன்பது பிள்ளைகள். அதில் ஒன்பது கைக்குழந்தையிலேயே போய்விட்டன. மிஞ்சிய கூட்டத்தை அந்த அம்மா கடிகாரம் வைத்து வளர்த்தார். எழுவதற்கு ஒரு நேரம், படிக்க ஒரு நேரம், வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாக உட்கார்ந்து பேச ஒரு நாள் என்று கணக்கு. ஜானின் முறை வியாழக்கிழமை. 1709இல் வீடு தீப்பிடித்தபோது ஐந்து வயது ஜான் மாடியில் மாட்டிக்கொண்டான். ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நின்று ஜன்னல் வழியாக இழுத்தார்கள். இழுத்த சற்று நேரத்தில் கூரை உள்ளே விழுந்தது. இந்தப் பிள்ளையைத் தேவன் ஏதோ காரியமாகத்தான் மிச்சம் வைத்திருக்கிறார் என்று அம்மா நம்பினார்.

பத்து வயதில் லண்டன் சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் சேர்த்தார்கள். விடுதி வாழ்க்கை. பெரிய பையன்கள் சின்னப் பையன்களின் தட்டில் இருந்த இறைச்சியைப் பிடுங்கிக்கொள்வார்கள், இவனுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ரொட்டிதான். (நம்ம மெஸ்ஸில் முட்டைக்கு நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.) போகும்போது அப்பா ஒரு கட்டளை போட்டு அனுப்பியிருந்தார்: தினமும் காலையில் பள்ளித் தோட்டத்தை மூன்று சுற்று ஓட வேண்டும். அவ்வளவுதான். பையன் ஓடினான். பள்ளியில் இருந்த காலமெல்லாம் ஓடினான். வயதான பிறகு தன் ஆரோக்கியத்துக்குக் காரணம் சொல்லும்போது அந்த மூன்று சுற்றையும், இறைச்சி இல்லாத அந்த ரொட்டியையும் அவர் மறக்காமல் சேர்த்துக்கொண்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். இவர் பிறவியிலேயே இரும்பு உடம்புக்காரர் இல்லை. குள்ளமான, ஒல்லியான ஆள். இளமையில் இரத்தம் வரும் உபாதை இருந்தது. 1720இல் ஆக்ஸ்ஃபோர்டு கிறைஸ்ட் சர்ச் கல்லூரிக்குப் போன சில வருஷத்தில் டாக்டர் ஜார்ஜ் செய்ன் எழுதிய ஆரோக்கிய நூல் கையில் கிடைத்தது. அந்த செய்ன் ஒரு காலத்தில் நடக்க முடியாத அளவு பருத்துப்போய், பட்டுத் தெளிந்து எழுதியவர். அளவாகச் சாப்பிடு, உடம்பை அசை என்பதுதான் சாரம். வெஸ்லி படித்தார், அம்மாவுக்கும் கடிதத்தில் எழுதினார், உடனே சாப்பாட்டைக் குறைத்தார். படித்ததை அன்றைக்கே செய்து பார்க்கிற குணம் அவரிடம் கடைசிவரை இருந்தது.

அலாரம் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. தினமும் நடு இரவில் முழிப்பு வந்து தூக்கம் கெட்டது. தேவைக்கு மேல் படுக்கையில் கிடக்கிறோம், அதனால்தான் இது என்று அவருக்குப் பட்டது. ஒரு அலாரம் கடிகாரம் வாங்கினார். முதல் நாள் ஏழு மணிக்கு எழுந்தார், அன்று இரவும் முழிப்பு வந்தது. மறுநாள் ஆறு மணி. அப்போதும் வந்தது. மூன்றாம் நாள் ஐந்து மணி, அன்றும் வந்தது. நாலாம் நாள் நாலு மணிக்கு எழுந்தார். அன்று இரவு முழிப்பு வரவில்லை. சரி, நமக்கு வேண்டிய தூக்கம் இவ்வளவுதான் என்று முடிவு செய்தார். ஆயுள் முழுவதும் அந்த நாலு மணி மாறவே இல்லை. நம்ம லேபில் ஒரு வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி மீட்டர் முள்ளைப் பார்ப்போமே, அதே வேலைதான். ஆனால் தம்பிகளே, இதில் பாதியை மட்டும் காப்பியடிக்காதீர்கள். அவர் நேரத்தோடு படுத்து ஆறரை மணி நேரம் தூங்கினவர். ராத்திரி ஒரு மணி வரை செல்போன் பார்த்துவிட்டு நாலு மணிக்கு எழுந்தால் அதற்குப் பெயர் வேறு.

1726இல் லிங்கன் கல்லூரியில் ஃபெலோ ஆனார். தம்பி சார்லஸும் சில மாணவர்களும் சேர்ந்து ஜெபிக்க, வேதம் படிக்க, சிறைக் கைதிகளைப் பார்க்கப் போக ஒரு சிறு குழு அமைத்திருந்தார்கள். அதற்கு இவர் தலைமை ஏற்றார். எல்லாவற்றுக்கும் நேரம் குறித்து முறைப்படி செய்ததால் மற்ற மாணவர்கள் கேலியாக வைத்த பெயர்தான் மெதடிஸ்ட். கேலிப் பெயரே சபைப் பெயரானது.

அந்த நாளில் கோச்சு வண்டிக் காசை மிச்சம் பிடித்து ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று நடக்கத் தொடங்கினார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்து எப்வொர்த் நூறு மைலுக்கு மேல். அண்ணனும் தம்பியும் நடந்தே போனார்கள். போகிற வழியில் புத்தகம் படித்துக்கொண்டே பத்துப் பன்னிரண்டு மைல் நடக்கலாம், களைப்பு தெரியாது என்று கண்டுபிடித்தார்கள். இந்த நடை வெறும் சிக்கனம் இல்லை, வெறும் தேகப்பயிற்சியும் இல்லை. கால் நடக்கிறது, கண் படிக்கிறது, காசு ஏழை வீட்டுக்குப் போகிறது. ஒரே மணி நேரத்துக்கு மூன்று வேலை.

பணத்தைப் பற்றிச் சொன்னதால் ஒரு கணக்கு. வருஷம் 30 பவுன் வருமானம் வந்தபோது 28 பவுனில் வாழ்ந்து மீதியைக் கொடுத்தார். வருமானம் 60, 90, 120 என்று ஏறியது. செலவு மட்டும் அதே 28 பவுனில் நின்றது. இன்னொரு கணக்கும் அவரே எழுதி வைத்திருக்கிறார். 1769இல் அவர் எடை 122 ராத்தல், அதாவது சுமார் 55 கிலோ. 1783இலும் அதே 122 ராத்தல், கூடவும் இல்லை குறையவும் இல்லை. சம்பளம் ஏற ஏறச் செலவையும் இடுப்பையும் சேர்த்து ஏற்றிக்கொண்ட என்னைப் போன்றவர்கள் இந்த இரண்டு எண்களையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

1735இல் அமெரிக்காவில் ஜார்ஜியாவுக்கு ஊழியத்துக்குப் போனார். அது தோல்வி. ஒரு காதலும் அங்கே கசந்து போனது. 1737 டிசம்பரில் அங்கிருந்து கிளம்பிவிட்டார். 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு சிறு கூட்டத்தில் அவர் உள்ளத்தில் வந்த மாற்றம் சபை வரலாற்றில் பிரசித்தம், அதை விரிவாக எழுத நல்ல நூல்கள் இருக்கின்றன. நம்ம விஷயத்துக்கு முக்கியம் அதற்குப் பிறகு வந்தது. கோவில்கள் கதவை மூடிக்கொண்டதால் 1739 ஏப்ரலில் பிரிஸ்டலில் வெட்டவெளியில் நின்று பிரசங்கம் செய்தார். முதலில் அவருக்கே கூச்சமாக இருந்தது. கிங்ஸ்வுட் நிலக்கரித் தொழிலாளிகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று காலை ஐந்து மணிக்குப் பிரசங்கம் வைத்தார். நாலு மணி அலாரத்துக்கு அப்போதுதான் முழு அர்த்தம் கிடைத்தது.

அதற்கப்புறம் ஐம்பது வருஷம் சாலைதான் வீடு. குதிரைமேல் போனது மொத்தம் சுமார் 2,50,000 மைல் என்றும், செய்த பிரசங்கம் சுமார் 40,000 என்றும் வழக்கமாகச் சொல்வார்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 14 மைல், ஐம்பது வருஷத்துக்கு. குதிரைமேலும் சும்மா இருக்கவில்லை. கடிவாளத்தைத் தளர்த்திக் கழுத்தில் போட்டுவிட்டுப் புத்தகம் படித்தார். ஒரு லட்சம் மைலுக்கு மேல் இப்படிப் போனதில் இரண்டு குதிரைகளைத் தவிர எதுவும் இடறினதாக நினைவில்லை என்று 1770இல் நாட்குறிப்பில் எழுதினார். கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால்தான் குதிரை இடறாது என்பது தப்பு என்பது அவர் வாதம்.

1747இல் ஏழைகளுக்காக ஒரு மருத்துவப் புத்தகம் வெளியிட்டார். பெயர் பிரிமிட்டிவ் பிசிக். டாக்டருக்குக் கொடுக்கக் காசில்லாத வீடுகளுக்காக எழுதியது. அவர் காலத்திலேயே இருபது பதிப்புக்கு மேல் போனது. உள்ளே இருக்கும் சில வைத்தியங்களைப் படித்தால் சிரிப்பு வரும். வழுக்கைக்கு வெங்காயத்தால் சிவக்கச் சிவக்கத் தேய்த்து மேலே தேன் தடவச் சொல்கிறார். நான் முயற்சி செய்யவில்லை, செய்தவர்கள் சந்திப்பில் தலையைக் காட்டலாம். ஆனால் முன்னுரையில் உடற்பயிற்சி பற்றி எழுதியது இன்றைக்கும் நிற்கிறது. நீண்ட ஆயுளுக்கு அது இல்லாமல் முடியாது. நடக்க முடிந்தவர்களுக்கு நடையே சிறந்தது, முடியாதவர்களுக்குக் குதிரை ஏற்றம். வெறும் வயிற்றில் செய்ய வேண்டும். களைத்து விழும்வரை செய்யக்கூடாது. முடித்தபின் உடம்பு மெதுவாகக் குளிர வேண்டும். படிப்பாளிகள் தினமும் இரண்டு மூன்று மணி நேரம் இதற்கென்று ஒதுக்க வேண்டும். எழுதவும் படிக்கவும் நிறைய உள்ளவர்கள் நின்றுகொண்டு செய்யப் பழக வேண்டும். இன்றைக்கு ஆபீஸ்களில் நின்று வேலை செய்ய உயர மேஜை விற்கிறார்களே, அந்த யோசனை 1747இலேயே ஒரு ஷில்லிங் புத்தகத்தில் இருந்திருக்கிறது.

இஞ்சினியர் என்பதால் இதையும் சொல்லாமல் போக முடியவில்லை. வெளியே போக முடியாத நாளுக்கு அவர் சிபாரிசு செய்தது மரக்குதிரை. நாற்காலி மாதிரி ஒரு சாதனம். இருக்கைக்கு அடியில் பலகைகளும் சுருள் ஸ்பிரிங்குகளும் அடுக்கி, தோல் போர்த்தியிருப்பார்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் குதித்தால் குதிரை ஓட்டத்தில் உடம்பு குலுங்குவது போலக் குலுங்கும். லண்டன் சிட்டி ரோட்டில் அவர் வாழ்ந்த வீட்டில் அப்படி ஒன்றை வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே அவருடைய மின்சார யந்திரமும் உண்டு. கையால் சுற்றி மின்சாரம் உண்டாக்கி, நோயாளிகளுக்கு இலவசமாக லேசான அதிர்ச்சி கொடுத்து வைத்தியம் பார்த்தார். அதைப் பற்றி 1760இல் தனி நூலே போட்டார். ஃபாரடே பிறந்தது 1791 என்பதை எலெக்ட்ரிகல் நண்பர்கள் கவனிக்கவும்.

இதெல்லாம் விசுவாசத்தோடு எங்கே சேருகிறது? பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதைக் காட்டி, சரீர முயற்சி பெரிய காரியம் இல்லை, தேவபக்திதான் முக்கியம் என்று நம்ம சபைகளில் சொல்பவர்கள் உண்டு. நானே அதைச் சாக்காகச் சொல்லியிருக்கிறேன். வெஸ்லி இந்தக் கேள்வியை வேறு பக்கமிருந்து பார்த்தார். 1768இல் உக்கிராணக்காரன் உவமையை வைத்து ஒரு பிரசங்கம் செய்தார். ஆத்துமா, சரீரம், பொருள், நேரம் எல்லாம் எஜமான் நம்மிடம் ஒப்புவித்தவை, நம் சொத்து இல்லை. ஒருநாள் ஒவ்வொன்றுக்கும் கணக்குக் கேட்பார். அந்தப் பட்டியலில் கைகால் கண் காதும் உண்டு. வெஸ்லி குதிரையை எப்படிப் பார்த்துக்கொண்டாரோ அப்படி உடம்பையும் பார்த்துக்கொண்டார். அழகு பார்க்க இல்லை, அடுத்த ஊருக்குப் போக. ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் தினமும் ஒரு மணி நேரமாவது பயிற்சி செய், வெளியே முடியாவிட்டால் வீட்டுக்குள் செய், ஒரே மூச்சில் முடியாவிட்டால் பிரித்துச் செய், இதில் உன் உயிரே அடங்கியிருக்கிறது, மற்றதெல்லாம் இதற்கு வழிவிடட்டும் என்ற பொருளில் கண்டிப்பாக எழுதினார். இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். நம்ம நண்பனுக்கு யாராவது இப்படி எழுதியிருந்தால், அதுவும் நான் எழுதியிருந்தால், என்ற எண்ணம் வந்தது. நான் அவனுக்கு அனுப்பியதெல்லாம் பண்டிகை வாழ்த்துதான்.

உடம்பு அவரைக் கைவிட்ட நாளும் உண்டு. 1751 பிப்ரவரியில் லண்டன் பாலத்தில் பனிக்கட்டி வழுக்கிக் கணுக்கால் போனது. படுத்திருந்த வீட்டில் கவனித்துக்கொண்ட விதவையான மேரி வஸீலைச் சுமார் ஒரு வாரத்தில் கல்யாணம் செய்துகொண்டார். நிற்க முடியாமல் முழங்காலில் இருந்து பிரசங்கம் செய்தார். 1753இல் காசநோய் என்றே எல்லாரும் முடிவு கட்டினார்கள். தன் கல்லறை வாசகத்தைத் தானே எழுதி வைத்தார். அதற்கப்புறம் முப்பத்தேழு வருஷம் இருந்தார். படுக்கையை விட்டு எழுந்ததும் உட்கார்ந்த இடத்தில் செய்யக்கூடிய வேலை என்று புதிய ஏற்பாட்டுக்கு விளக்கக் குறிப்பு எழுத ஆரம்பித்தார்.

குறையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இது வாழ்க்கை வரலாறு இல்லை, வாழ்த்து மடல். அவருடைய கல்யாண வாழ்க்கை சுகப்படவில்லை. ஓயாத பயணம் அதற்கு ஒரு பெரிய காரணம். 1781இல் மனைவி இறந்தபோது பல வருஷமாகப் பிரிந்திருந்தார்கள், அடக்கம் ஆன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. 1748இல் கிங்ஸ்வுட்டில் தொடங்கிய பள்ளியில் சின்னப் பிள்ளைகளையும் நாலு மணிக்கு எழுப்பினார். விளையாட்டு கூடவே கூடாது, நடக்கலாம், தோட்ட வேலை செய்யலாம் என்று சட்டம். இது அநியாயம் என்பது என் கட்சி. தனக்குப் பொருந்திய அளவை ஊருக்கே பொருத்தப் பார்த்தார். அவர் அப்பா மூன்று சுற்றுதான் கேட்டார்.

எழுபது வயதை நெருங்கியபோது நண்பர்கள் ஒரு வண்டி ஏற்பாடு செய்தார்கள். அதற்குள் புத்தக அலமாரி வைத்துக்கொண்டார். 1774 பிறந்தநாளில், முப்பது வருஷத்துக்கு முன்னால் இருந்த அதே தெம்பு இப்போதும் இருக்கிறதே, எப்படி என்று தன்னையே கேட்டுக் காரணமும் எழுதினார். ஐம்பது வருஷமாக நாலு மணிக்கு எழுவது, ஐந்து மணிப் பிரசங்கம், வருஷத்துக்கு 4,500 மைலுக்குக் குறையாத பயணம். எல்லாவற்றுக்கும் முன்னால் தேவனுடைய தயவு.

1785 ஜனவரியில் ஏழைகளுக்குத் துணி வாங்கப் பணம் போதவில்லை. எண்பத்தொரு வயதில் லண்டன் தெருக்களில் கணுக்கால் ஆழம் உருகின பனிச் சேற்றில் காலை முதல் சாயங்காலம் வரை நடந்து வீடு வீடாகக் கேட்டார். நாலு நாளில் 200 பவுன் சேர்ந்தது. ஐந்தாம் நாள் வயிற்றுப்போக்கில் விழுந்தார். நாட்குறிப்பில் வரும் இந்த நாலு நாளைப் படித்தபோதுதான், அத்தனை வருஷமும் அந்த உடம்பை எதற்காகத் தயாராக வைத்திருந்தார் என்று எனக்குப் புரிந்தது.

1788இல், முன்னைப்போல் வேகமாக ஓடவும் நடக்கவும் முடியவில்லை என்று எழுதுகிறார். எண்பத்தைந்து வயதில்! 1790 அக்டோபரில் வின்செல்சீயில் ஒரு மரத்தடியில் கடைசி வெட்டவெளிப் பிரசங்கம். 1791 பிப்ரவரி 24 அன்று அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்த வில்பர்ஃபோர்சுக்கு ஊக்கம் சொல்லி ஒரு கடிதம் எழுதினார். மார்ச் 2 அன்று சிட்டி ரோடு வீட்டில் எண்பத்தேழாம் வயதில் கண்ணை மூடினார்.

நான் மறுபடி நடக்க ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது. நாலு மணி என்னால் ஆகவில்லை, ஐந்தேகாலில் நிற்கிறேன். மழை வந்தால் மொட்டை மாடிப் படியில் ஏறி இறங்குகிறேன். காலை ஜெபத்தையும் அந்த நடையிலேயே செய்கிறேன். சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

சந்திப்பு நாளன்று காலை ஐந்தரைக்கு எங்கள் பேட்சில் நாலைந்து பேர் பழைய மைதானத்துக்கு வருகிறோம். மூன்று சுற்று, ஓட முடிந்தவர்கள் ஓடலாம், மற்றவர்கள் என்னோடு நடக்கலாம். விடுதித் தம்பிகள், தங்கைகள் யாராவது எழுந்திருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள். அப்புறம் டீ என் செலவு.